ஒரு படி தவிடும் ஒரு பஞ்சுக்குச்சியும்

“செவுளத் தூக்கிப் பாத்தே மீனு என்னைக்குப் பட்டதுன்னு சொல்ற குடும்பம் நாம. எச்சியப் பாத்து ஆளச் சொல்றதுக்கு ஒரு காலேஜா? அதுக்கு ஆஸ்டல் வேறயா?”

தடய அறிவியலில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று பெரியப்பா கேட்டது இது. பெரியப்பா என்றால் என் சித்தியின் கணவருக்கு அண்ணன். காரைக்கால்மேட்டில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை. அடுத்த வீட்டுப் பெண்ணின் படிப்பைப் பற்றிக் கேள்வி கேட்க அந்த ஒரு தகுதி போதும். அவர் என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு, விலை கூறுகிற குரலில், ஊருக்குக் கேட்டார். ஊரும் சிரித்தது. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒருவர், “அப்ப கண்ட எடத்துல துப்பாதீங்கப்பா, பாப்பா கண்டுபுடிச்சிரும்” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. மின்சார ரசீது, மாத்திரை அட்டையின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை என்று எழுத்து ஒட்டியிருக்கும் எதுவானாலும் ஆறு வயதிலிருந்து என்னிடம்தான் வரும். இதைத் தாழ்மையோடு சொல்ல எனக்கு வரவில்லை. வரவும் வேண்டாம்.

படித்து முடித்து, வெளியூரில் ஓர் ஆய்வகத்தின் டி.என்.ஏ. பிரிவில் ஒப்பந்த உதவியாளராகச் சேர்ந்தேன். ஊரில் அதை ரத்தப் பரிசோதனைக் கடை என்று எடுத்துக்கொண்டார்கள். லீவில் வந்தால் சர்க்கரை எவ்வளவு இருந்தால் சோறு சாப்பிடலாம் என்று கேட்பார்கள். முதல் வருடம் விளக்கம் சொன்னேன். இரண்டாம் வருடம், “ஒரு கரண்டி கொறைச்சுக்குங்க” என்று சொல்லப் பழகினேன். நல்ல பெயர் கிடைத்தது.

பிறகு சித்தப்பா காணாமல் போனார்.

மூன்று பேராக ஃபைபர் படகில் தொழிலுக்குப் போனார்கள். படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். அவர் வரவில்லை. இருபதாம் நாள், வடக்கே ஒரு கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. இருபது நாள் கடலில் கிடந்த உடலில் முகம் என்று எதுவும் மிச்சம் இருக்காது. இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறும், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்ட நீல அரைக்கால் சட்டையும் இருந்தன.

“எங்க ஆளு சட்டதான்” என்றது எங்கள் ஊர். சித்தப்பா போன அதே வாரம் பக்கத்துக் கோட்டுச்சேரிமேட்டிலும் ஒருவர் கடலில் காணாமல் போயிருந்தார். அவர்கள் ஊரும், “எங்க ஆளு சட்டதான்” என்றது. இரண்டு ஊரும் சொன்னது உண்மை. காரைக்கால் கடைத்தெருவில் ஒரே கடையில்தான் இந்தக் கரை முழுக்க நீலக் கால்சட்டை வாங்குகிறது. கறுப்பு அரைஞாண் கயிறு இல்லாத மீனவர் யாராவது உண்டா என்று நானும் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு முழு நாள் இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் ஒரு கால்சட்டையின் தையலைப் பற்றி வாதாடினார்கள். கடைசியில் போலீஸ்காரர் ஒருவர் சலித்துப்போய், டி.என்.ஏ. பார்த்துக்கொள்ளலாம் என்றார். உடலிலிருந்து தொடை எலும்பில் ஒரு துண்டும் இரண்டு கடைவாய்ப் பற்களும் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு குடும்பங்களிலிருந்தும் நெருங்கிய ரத்த சொந்தம் மாதிரி கொடுக்க வேண்டும். கோட்டுச்சேரிமேட்டில் அந்த ஆளின் தாயார் இருந்தார், அவர் கொடுத்துவிட்டார்.

அம்மா எனக்கு போன் செய்தாள். குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

“நாளான்னைக்குப் பாப்பாவ ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்டி. எச்சி எடுக்கிறாங்களாம். ஒன் வேலதானே அது? அந்த எச்சி நேரா ஒன் கைக்குத்தான் வருமாமே?”

பாப்பா, சித்தியின் மகள். எட்டாம் வகுப்பு. ஆய்வகத்தில் லீவு சொல்லிவிட்டு அடுத்த நாள் காலைப் பேருந்தைப் பிடித்தேன்.

காரணம் இதுதான். சித்திக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லை. என் அம்மாவுக்கு நான்காவதும் பெண்ணாகப் பிறந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, எல்லாம் நினைவிருக்கிறது. முப்பதாம் நாள் சித்தப்பா நெடுங்காட்டு அரிசி ஆலையிலிருந்து ஒரு படி தவிடு வாங்கி வந்தார். அம்மா முந்தானையில் தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையைச் சித்தி மடியில் வைத்தாள். அவ்வளவுதான். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. வக்கீல் இல்லை, பத்திரம் இல்லை. சாட்சிக்கு ஊர் முழுக்க இருந்தது. பிறப்புச் சான்றிதழிலும் சித்தி, சித்தப்பா பெயர்தான் ஏறியது. அன்றைய தவிட்டை எங்கள் வீட்டு ஆடு தின்றது.

படகு கவிழும்வரை, பதிமூன்று வருடத்தில் அந்த ஆட்டைத் தவிர எல்லோரும் உயிரோடு இருந்தோம். எல்லோருக்கும் தெரியும், பாப்பாவுக்கு மட்டும் தெரியாது. அதைவிட வேடிக்கை, அவளிடம் எல்லோரும் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அடம் பிடித்தால், “ஒன்னத் தவிட்டுக்குல்ல வாங்குனோம்” என்பார்கள். எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைக்கும் சொல்கிற கேலி என்பதால் அவளும், “அப்ப தவிட்டத் திருப்பி வாங்கிக்கிட்டு என்னக் குடுத்துடுங்க” என்பாள். இதைவிடப் பாதுகாப்பாக ஒரு ரகசியத்தை ஒளித்துவைக்க எந்தப் பூட்டாலும் முடியாது.

அம்மா சித்தி வீட்டில்தான் இருந்தாள். உள்ளே நுழைந்ததும் கேட்டேன். “பாப்பா எச்சிய எடுத்து அந்த எலும்போட ஒத்துப் பாத்தா என்னா வரும்னு நெனக்கிறம்மா?”

“சித்தப்பான்னு வரும். அவ அவங்க புள்ளதானடி.”

“பெத்தது யாரு?”

அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். “மெல்லப் பேசு. குடுத்தாச்சு. குடுத்தாச்சுன்னா குடுத்ததுதான். சும்மாவா குடுத்தேன்? ஒரு படி தவிடு வாங்கிட்டுத்தானே குடுத்தேன்?”

“தவிடு செல்லுக்குள்ள போவாதும்மா.”

“எந்த செல்லு?” என்று என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

அவளைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. அவள் பொய் சொல்லத் திட்டமிடவில்லை. அந்தப் பெண்ணை அவர்கள் மகளாகக் கொடுத்தாள். அன்றிலிருந்து அது அவர்கள் ரத்தம் என்று நம்பினாள். எங்கள் பக்கத்தில் கொடுத்தால் ரத்தமும் சேர்ந்தே போய்விடும். இயற்கைக்குத்தான் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

கொடியில் கிடந்த கயிற்றில் இரண்டு துண்டு எடுத்து அவளிடம் காட்டினேன். வலையோடு பிறந்து வளர்ந்தவளுக்கு முடிச்சு புரியும். மனுசன் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் நீளமான கயிறு இருக்கிறது. அதில் சில இடங்களில் ஒரே முடிச்சு திரும்பத் திரும்ப விழுந்திருக்கும். ஒருவருக்குப் பதினொன்று, இன்னொருவருக்குப் பதினான்கு. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கயிறு, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. நாங்கள் இருபத்துச் சொச்சம் இடங்களில் முடிச்சை எண்ணுகிறோம். ஓர் இடத்தில் இரண்டு பேருக்கு ஒரே எண்ணிக்கை வரலாம். அத்தனை இடத்திலும் ஒன்றாக வர, ஒரே கருவில் பிறந்த இரட்டையராக இருக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு அப்பாவோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்றிரண்டு இடத்தில் தப்பினால் எப்போதாவது நடக்கும் மாற்றம் என்று விடலாம். ஏழெட்டு இடத்தில் தப்பினால், அவர் அப்பா இல்லை.

“அப்ப பாப்பா எச்சிய வச்சுப் பாத்தா?”

“அந்த ஒடம்பு சித்தப்பாவாவே இருந்தாலும், இல்லன்னு வரும்.”

அம்மா கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள். இன்னும் ஒன்று இருந்தது, அதையும் சொன்னேன். வழக்கப்படி பிள்ளையோடு தாயின் மாதிரியும் எடுப்பார்கள். பாப்பாவுக்குச் சித்தியும் தாய் இல்லை என்று முடிச்சுகள் சொல்லிவிடும். அது அறிக்கையில் ஒரு வரியாக வரும், காவல் நிலையத்தில் யாராவது அதைச் சத்தமாகப் படிப்பார்கள். தாய் வழியில் மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. என்று ஒன்று உண்டு. அம்மாவும் சித்தியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதால் அது ஒன்றுதான் எங்கள் குடும்பத்துக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லும். அதை யாரும் கேட்கப் போவதில்லை.

சித்தி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் தாலி இருந்தது. ஊரில் பாதி, கழற்று என்றது. மீதி, பொறு என்றது. பாதிப் பேர் துக்கம் கேட்க வந்தார்கள், மீதிப் பேர் தைரியம் சொல்ல வந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா பேரு எதுலயும் வரக்கூடாது” என்றாள். “ஆனா எனக்குத் தெரியணும். அது அவருதான்னா தெரியணும். இல்லன்னாலும் தெரியணும். ரெண்டுங்கெட்டானா எத்தன நாளைக்கு நான் ஒக்காந்திருக்கிறது?”

வழி ஒன்று இருந்தது. ஆணுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும். அதிலும் இதே போல எண்ணத் தகுந்த முடிச்சுகள் உண்டு. அண்ணன் தம்பிக்கு அவை ஒன்றாக இருக்கும். சித்தப்பாவின் தாய் தகப்பன் போய்விட்டார்கள். உடன்பிறந்தவர் ஒருவர்தான் மிச்சம். வலை காயப்போடும் இடத்தில் யார் வலை தெற்கு, யார் வலை வடக்கு என்ற உலக முக்கியத்துவம் வாய்ந்த சண்டையில் ஆறு வருடமாகத் தம்பியோடு பேசாத பெரியப்பா.

“அவங்க ரெண்டு பேராவது பெத்ததுதானே? அங்கயும் தவிடு இல்லையே?” என்று அம்மாவிடம் உறுதி செய்துகொண்டேன்.

“அதெல்லாம் பெத்ததுதான். ரெண்டு மூஞ்சியும் ஒரே கொடுவா மீனு மூஞ்சி.”

பெரியப்பா கடற்கரைக் கொட்டகையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். வாயில் புகையிலை. கூட நாலு பேர். அவர் தனியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. பேசுவதற்கு ஆள் வேண்டுமே.

“வாங்க டாக்டரு” என்றார். “எச்சிப் படிப்பு எப்புடிப் போவுது?”

“நல்லாப் போவுது பெரியப்பா. ஒங்க எச்சி கொஞ்சம் வேணும்.”

நாலு பேரும் ஒரே நேரத்தில் ஊசியை நிறுத்தினார்கள்.

“என் எச்சியா? எதுக்கு? நாளைக்கு எங்கயாச்சும் களவு போனா நாந்தான்னு எழுதவா?”

“சித்தப்பாவான்னு பாக்க.”

“அதான் புள்ள இருக்கே. அதுக்குட்ட எடுக்க வேண்டியதுதானே? நானும் அவனும் பேச்சுவார்த்தையே...” என்று சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். அம்மாவுக்கு இது புரிய அரை மணி நேரமும் இரண்டு துண்டுக் கயிறும் தேவைப்பட்டன. பெரியப்பாவுக்கு ஒரு புகையிலை மெல்லும் நேரம் போதும். பக்கத்திலிருந்த நாலு பேரையும் பார்த்தார், வலையைக் கீழே வைத்தார், எழுந்தார்.

“ஆம்பள எச்சிதான் வேணுமாமே” என்று அவர்களிடம் சத்தமாகச் சொன்னார். “பொட்டப்புள்ள எச்சில்லாம் இதுக்கு ஆவாதாம். இப்பதான் டாக்டரு சொல்லிச்சு.”

நான் அப்படிச் சொல்லவே இல்லை. படிப்பை ஏலத்தில் விட்டுச் சிரித்த அதே வாய், அத்தனை பேர் நடுவில் என் தங்கையை மூடிப் பாதுகாத்தது. அறிவியல்படி அவர் சொன்னது பாதிதான் சரி. பெண் பிள்ளையின் மாதிரியும் இதற்கு ஆகும், பெற்ற பிள்ளையாக இருந்தால். திருத்தும் எண்ணம் எனக்கு வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி. வாயைக் கொப்பளிக்கச் சொன்னார்கள். முதல் கொப்பளிப்பில் வந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்த இளம் டாக்டர், “இன்னொரு தடவ” என்றார். ஐந்து தடவை ஆயிற்று. பிறகு அரை மணி நேரம் எதையும் வாயில் போடாமல் உட்காரச் சொன்னார்கள். பெரியப்பா வாழ்க்கையில் புகையிலை இல்லாமல் கழித்த மிக நீண்ட அரை மணி நேரம் அதுவாக இருக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தை அவர் பேசியே தீர்த்தார்.

“வாயத் தொறங்க” என்றார் டாக்டர். நீளமான பஞ்சுக்குச்சியைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து அழுத்தி உருட்டினார். உண்மையில் எச்சிலுக்காக இல்லை. கன்னத்தின் உள்தோலிலிருந்து உதிரும் செல்லுக்காக. முப்பது நொடி. பெரியப்பா வாயை அகலத் திறந்துகொண்டு ஒரு சொல்லும் பேசாமல் இருந்ததை நான் அன்று பார்த்தேன். மறு கன்னத்துக்கு இன்னொரு குச்சி, இன்னொரு முப்பது நொடி. செவுளைத் தூக்கிப் பார்க்கும் போது மீனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்று தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. வெறுமனே பார்த்து ரசித்தேன்.

குச்சிகளைக் காற்றில் உலர்த்திக் காகித உறையில் போட்டார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும். உறைக்கு அரக்கு முத்திரை. படிவத்தில் அவர் போட்டோ, உறவு: உடன்பிறந்த அண்ணன். கையெழுத்து இடத்தில் கட்டைவிரல். போலீஸ்காரர் மை தடவி அழுத்தினார். தாளில் ஒரு நீல வட்டம் விழுந்தது, கோடு ஒன்றுகூட இல்லை. ஐம்பது வருடம் கயிறு இழுத்த விரல். ஆதார் எந்திரமும் அவர் விரலை ஏற்றுக்கொண்டதே கிடையாது. “ரேகையெல்லாம் கடல்ல போச்சு சார்” என்றார் பெரியப்பா. இன்னொரு ரேகை கன்னத்துக்குள் தேயாமல் இருப்பது பற்றி நான் ஒரு சின்னச் சொற்பொழிவுக்குத் தயாரானேன். அவர் அதற்குள் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

மாதிரிகள் வந்து சேர்ந்தது நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே. என் மேலதிகாரியிடம் போய், இறந்தவர் என் சித்தப்பாவாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். மகளுக்குப் பதில் அண்ணன் மாதிரி வந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று வாயால் சொன்னேன். அவர், “இங்க வர்ற குடும்பம் எல்லாத்துலயும் ஒரு காரணம் இருக்கும்மா” என்றார். அண்ணனே போதும் என்றார். அடுத்து, “இந்தக் கேஸ் முடியிற வரைக்கும் நீங்க அந்த ரூம் பக்கமே வரக்கூடாது” என்றார்.

ஆக, என் குடும்பத்தில் இந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் நான். செய்யக் கூடாத ஒரே ஆளும் நான். அம்மா இரண்டு நாளுக்கு ஒரு முறை போன் செய்து, “சொந்தந்தானேன்னு கொஞ்சம் முன்னாடி பாத்து விடேன்டி” என்பாள். சொந்தம் என்பதால்தான் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வேன். “என்னாடி படிப்பு இது?” என்று வைத்துவிடுவாள்.

பார்க்காவிட்டாலும் எனக்குத் தெரியும், எந்த நாள் எந்த அறையில் என்ன நடக்கும் என்று. எலும்பின் மேல்பரப்பைச் சுரண்டி எடுப்பார்கள்; கடலில் கிடந்ததில் பாசியும் பாக்டீரியாவும் அங்கேதான். தொட்டவர்களின் டி.என்.ஏ.வும் அங்கேதான். பிறகு திரவ நைட்ரஜனில் உறையவைத்து மாவாக அரைப்பார்கள்; சூடு ஏறினால் கெட்டுவிடும் என்பதற்காக. அந்த மாவை ஒரு கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைப்பார்கள். புரதத்தைத் தின்னும் நொதி செல்லை உடைக்கும். மெல்லிய சிலிக்கா வடிகட்டியில் ஊற்றிச் சுழற்றினால் டி.என்.ஏ. மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்ற அழுக்கு கீழே போய்விடும். கழுவி எடுத்தால் ஒரு குழாயின் அடியில், கண்ணுக்குத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு துளி. அந்தத் துளியில் ஒரு மனிதன் இருக்கிறானா, எவ்வளவு இருக்கிறான் என்று அளப்பார்கள்.

பிறகு பி.சி.ஆர். அந்த எந்திரம் செய்வது ஒன்றே ஒன்று. சூடாக்கும், ஆற்றும், மறுபடி கொஞ்சம் சூடாக்கும். சூட்டில் இரட்டைக் கயிறு பிரியும். ஆறும்போது நாம் கேட்ட இடத்தில் மட்டும் ஒரு சின்னத் தொடக்கத் துண்டு போய் ஒட்டும். அடுத்த சூட்டில் அங்கிருந்து புதுக் கயிறு வளரும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது சுற்றில் கோடிக்கணக்கில் நகல். அதற்குப் பின் தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சினால், சின்னத் துண்டு முதலில் ஓடும், பெரிய துண்டு பின்னால் வரும். ஒவ்வொன்றுக்கும் சாயம் பூசியிருக்கும். லேசர் ஒளியில் மின்னும். திரையில் கூர்மையான சிகரங்கள் வரிசையாக எழும். அதுதான் ஆளின் ரேகை. அதன் பக்கத்தில் டி.என்.ஏ. எதுவும் சேர்க்காத வெறும் குழாய் ஒன்றையும் ஓட்டுவார்கள். அதில் ஒரு சிகரம் எழுந்தாலும், யாரோ இருமியிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து. எங்கள் ஊர்க்காரர்கள் பேசும் தொனிக்கு ஒருவரை அந்த அறையில் விட்டால் வெறும் குழாயில் மலைத்தொடரே எழும்.

கடல் நீரில் கிடந்த எலும்பில் கயிறு துண்டு துண்டாக அறுந்திருக்கும். நீளமான இடங்கள் கிடைக்காமல் போகலாம். ஒருமுறை வரவில்லை என்றால் பல்லை எடுப்பார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வேறு யாரோ ஒருவரின் பாலியல் வழக்கில் வந்த துணியை வெட்டிக்கொண்டு, என் சித்தப்பாவின் பல் எத்தனை சுற்று ஓடியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கவலையும் இருந்தது. ஒய் குரோமோசோம் அண்ணன் தம்பிக்கு மட்டும் ஒன்றில்லை. பங்காளிகள் எல்லோருக்கும் ஒன்றுதான். பங்காளி என்ற சொல்லே கிட்டத்தட்ட அந்தக் குரோமோசோமின் ஊர்ப்பெயர். கோட்டுச்சேரிமேட்டில் காணாமல் போனவர் பெரியப்பாவுக்குப் பங்காளியாக இருந்தால் ஒய் மட்டும் வைத்து யாரென்று சொல்ல முடியாது. அம்மாவிடம் கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. “அவங்க மாமன் மச்சான் மொறடி. நம்ம பக்கத்துலேருந்து அவங்களுக்குப் பொண்ணு குடுத்திருக்கு. பங்காளிக்குப் பொண்ணு குடுப்பாங்களா?” எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவின் தலைக்குள் இரண்டு ஊரின் ஒய் குரோமோசோம் பட்டியலும் பத்திரமாக இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஒரு பதிவேடு கிடையாது.

முடிவை எனக்குச் சொன்னது மேலதிகாரி இல்லை. அறிக்கை முறைப்படி முத்திரை வைத்துக் காவல் நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து ஊருக்குப் போனது. ஊரிலிருந்து என் போனுக்கு வந்தது.

“நம்மாளுதான்” என்றார் பெரியப்பா.

ஆய்வகத்தின் மாடிப்படியில் நின்று கேட்டேன். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. “ஆறு வருசம் பேசலம்மா” என்றார். போனை வைக்கவும் இல்லை. இந்த முறை அவர் வாய் ஓய்ந்தது முப்பது நொடிக்கும் மேல் இருக்கும்.

சித்திக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அழுகை அப்போதுதான் தொடங்கியது என்று அம்மா சொன்னாள். உடலை வாங்கி வந்து முறைப்படி எல்லாம் செய்தார்கள். கோட்டுச்சேரிமேட்டுத் தாயார் கொடுத்த மாதிரி எதனோடும் பொருந்தாமல் ஆய்வகத்தில் இருக்கிறது. அடுத்த உடல் ஒதுங்கும்போது எடுப்பார்கள். அவர் ஒதுங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வேண்டாம் என்று வேண்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதத்தில் பெரியப்பா பழையபடி ஆனார். இப்போது கொட்டகையில் டி.என்.ஏ. வகுப்பு நடக்கிறது. “என் எச்சியாலதான் கண்டுபுடிச்சாங்க. எங்கப்பன் எனக்கும் அவனுக்கும் குடுத்ததாம். இன்னும் எனக்குள்ள இருக்காம்” என்று தெரியாதவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறாராம். ஆய்வகத்தைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. ஹாஸ்டல் பற்றியும் இல்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது பாப்பா தன் பாடப்புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அப்பாவுக்கு நாந்தானே புள்ள. ஏன் என்ட்ட எடுக்காம பெரியப்பாட்ட எடுத்தாங்க?”

தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். ஒய் குரோமோசோம் ஆண்களுக்கு மட்டும்தான் உண்டு, அண்ணன் தம்பிக்கு அது அப்படியே ஒன்றாக இருக்கும், ஆகவே பெரியப்பா. அவள் தலையாட்டிக்கொண்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஒரு சின்னப் படம்கூட வரைந்தாள். அதில் நான் சொன்ன ஒவ்வொரு வரியும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் கலப்படமில்லாத பொய். எலும்பு உண்மை சொல்ல வேண்டும் என்பதற்காகச் சம்பளம் வாங்குகிற நான், உயிரோடு இருக்கும் என் தங்கையிடம் அறிவியலைக் கொண்டே பொய் சொன்னேன்.

அவள் படிக்கும் பள்ளியில் இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் ரத்த வகைப் பாடம் வரும். வீட்டில் யாருக்கு என்ன வகை என்று எழுதி வரச் சொல்வார்கள். சித்தியின் ரத்த வகையும் பாப்பாவின் ரத்த வகையும் எனக்குத் தெரியும்; தாய்க்கும் மகளுக்கும் வர முடியாத ஜோடி அது. பாப்பா கெட்டிக்காரி, யாருடைய தங்கை! பரிசோதனைக் கூடமே தேவைப்படாது அவளுக்கு. ஒரு பென்சில் போதும்.

சித்தியிடம் இதைச் சொன்னேன். “ரெண்டுங்கெட்டானா இருக்கிறது எனக்குத் தெரியும்” என்றாள். “அது அவளுக்கு வேணாம். ஆனா என்னால சொல்ல முடியாது. நீயே சொல்லு. நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்.”

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “சொல்றப்ப நானும் இருக்கணுமாடி?” என்று கேட்டாள். இருக்கணும் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தி வீட்டில், நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். வெளியே ஏலம் நடந்துகொண்டிருந்தது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே பெரியப்பாவின் சத்தம். பாப்பா எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒன்னத் தவிட்டுக்கு வாங்குனோம்னு சொல்லுவாங்கல்ல?” என்று ஆரம்பித்தேன்.

“ஆமா, எல்லா வீட்டுலயும் சொல்றதுதானே” என்று சிரித்தாள்.

அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்.